மாடுகள் செத்த குளிர்காலம், வேலையை மாற்றிய ஒரு சின்னப் படம்: யார் இந்த சார்லஸ் ரஸ்ஸல்?

நஷ்டக் கணக்கை மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மெயிலை டைப் செய்வதும் அழிப்பதுமாக உட்கார்ந்திருக்கிறீர்களா? 1887-ல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு பண்ணை மேற்பார்வையாளருக்கும் இதே நிலைமைதான்.

அந்தக் குளிர்காலம் கொடூரமானது. முந்தைய கோடையில் மழை பொய்த்துப் புல் காய்ந்திருந்தது. பிறகு பனி கொட்டி உறைய, மேய வழியில்லாமல் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. ஹெலினா நகரிலிருந்த முதலாளி, மந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார். பதில் எழுதத் திணறியவருக்குக் கை கொடுத்தவர், மாட்டுக்காரராக வேலை பார்த்த 22 வயது சார்லஸ் ரஸ்ஸல்.

அவர் வரைந்தது போஸ்ட்கார்டு அளவு வாட்டர்கலர் படம். பனியில் எலும்பும் தோலுமாய் ஒரு மாடு. அது எப்போது விழும் என்று சுற்றிலும் காத்திருக்கும் ஓநாய்கள். கடிதமே தேவைப்படவில்லை, படம் மட்டும் போனது. முதலாளி அதைப் பலரிடம் காட்ட, ரஸ்ஸலின் பெயர் பரவியது.

1864-ல் செயின்ட் லூயிஸில் வசதியான வீட்டில் பிறந்தவர் ரஸ்ஸல். படிப்பில் மனம் ஒட்டாமல் 16 வயதில் மொன்டானாவுக்கு வந்தார். முதலில் கிடைத்த ஆடு மேய்க்கும் வேலை நிலைக்கவில்லை. 1882 முதல் சுமார் 11 ஆண்டுகள் மந்தைகளோடுதான் வாழ்க்கை. பெரும்பாலும் இரவுக் காவல் என்பதால், பகலில் கௌபாய்கள் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்.

அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு வேலையே மாறிப்போச்சு. மாடுகளைத் திறந்த வெளியில் விட்டுவிடும் முறை மெல்ல மறைந்தது. முள்வேலியும் வைக்கோல் சேமிப்பும் வந்தன. ரஸ்ஸல் 1893-ல் முழுநேர ஓவியரானார். கண்முன் காணாமல் போன அந்த வேலையையும், மேற்கின் பழங்குடி மக்களின் வாழ்வையும் கடைசிவரை தீட்டினார்.

படங்களை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுவது அவர் பழக்கம். 1896-ல் மணந்த நான்சிதான் விலை பேசக் கற்றவர். நியூயார்க், லண்டன் வரை கண்காட்சிகள் நடந்தன. 1912-ல் மொன்டானா சட்டமன்றத்துக்காக 25 அடி அகல ஓவியம் வரைந்தார்.

1926-ல் கிரேட் ஃபால்ஸில் அவர் இறந்தபோது ஊரில் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அவர் உடல் போனது குதிரை வண்டியில்தான்.