அரிதாரம் பூசிய அறிஞர் – தாதாசாகேப் பால்கே



ஆண்டு மலர் என்றால் விஞ்ஞானிகள் வாழ்க்கை வரும், தலைவர்கள் வாழ்க்கை வரும். நான் ஒரு மேக்கப்மேனின் வாழ்க்கையை எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க! முழுசா படிச்சிட்டு அப்புறம் சிரிங்க.

அவர் பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. இந்திய சினிமாவின் தந்தை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தன் நடிகர்களின் மேக்கப்பையும் அவரே கவனித்தார் என்பதும், நம்மைப் போலவே கைத்தொழில் கல்வி படித்தவர் என்பதும் பலருக்குத் தெரியாது.

1870 ஏப்ரல் 30-ஆம் தேதி, நாசிக் பக்கத்தில் உள்ள திரியம்பகேஸ்வரத்தில் பிறந்தார். 1885-ல் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பரோடாவில் கலாபவன் என்ற தொழிற்கலை நிலையத்தில் ஓவியம், உருவங்கள் வடித்தல், கட்டடக் கலை, போட்டோகிராபி எல்லாம் கற்றார். இத்தனையும் எதுக்கு உதவும் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அவராலேயே பதில் சொல்லியிருக்க முடியாது.

முதலில் கோத்ராவில் போட்டோ ஸ்டுடியோ வைத்தார். பிளேக் நோய் வந்து மனைவியையும் குழந்தையையும் கொண்டு போய்விட்டது. அந்த ஊரை விட்டே கிளம்பினார். பரோடாவில் மறுபடி ஸ்டுடியோ திறந்தார். கேமரா மனித உடம்பின் சக்தியை உறிஞ்சிவிடும், போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஊரில் வதந்தி. வாடிக்கையாளர் வரவில்லை. 1903-ல் தொல்லியல் துறையில் வேலை கிடைத்தது. அதையும் விட்டுவிட்டு அச்சகம் ஆரம்பித்தார். கூட்டாளிகளோடு ஒத்துப் போகவில்லை. நாற்பது வயதில் மறுபடி கையில் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில்தான் பம்பாயில் ஏசுநாதர் வாழ்க்கைப் படத்தைப் பார்த்தார். நம் புராணங்களையும் இப்படித் திரையில் காட்ட வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக் கொண்டது. இன்சூரன்ஸ் பத்திரத்தை அடகு வைத்து 1912-ல் லண்டன் போனார். வில்லியம்சன் கேமராவும், பிலிமில் ஓட்டை போடும் கருவியும் வாங்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பினார். அன்று பிலிம் ஓட்டை இல்லாமல்தான் வரும். இருட்டில் உட்கார்ந்து ஓட்டை போட வேண்டும். அந்த வேலையை இரண்டாவது மனைவி சரஸ்வதிபாய் கற்றுக் கொண்டார். பிலிம் கழுவினார். படக் குழுவுக்கே சமைத்தும் போட்டார்.

'ராஜா ஹரிச்சந்திரா' ஆரம்பமானது. ராணி தாராமதி வேடத்துக்கு எந்தப் பெண்ணும் வரத் தயாராக இல்லை. கடைசியில் கிராண்ட் ரோடு ஓட்டல் ஒன்றில் மாதம் 10 ரூபாய்க்குச் சமையல் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞரைக் கண்டுபிடித்தார். மெல்லிய முகம், ஒல்லியான கை. 15 ரூபாய் தருவதாகச் சொல்லி அழைத்து வந்தார். அடுப்படியில் இருந்தவர் மகாராணி ஆனார்!

இங்கேதான் மேக்கப்பின் விஞ்ஞானம் வருகிறது. அந்தக் கால பிலிமுக்கு நீல ஒளி நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியாது. உதட்டுச் சிவப்பு படத்தில் கறுப்பாக விழும். நாடகத்தில் பூசுவது போலக் கன்னத்தில் சிவப்புச் சாயம் பூசினால் கன்னம் குழி விழுந்த மாதிரி இருக்கும். கண்ணுக்கு அழகாக இருப்பது பிலிமுக்கு அழகாக இருக்காது. பூசுகிறவருக்கு ஓவியமும் தெரிய வேண்டும், கெமிக்கலும் தெரிய வேண்டும். ஜே.ஜே. பள்ளியும் கலாபவனும் போட்டோ ஸ்டுடியோவும் கற்றுக் கொடுத்தது இப்போது ஒன்றாகச் சேர்ந்தது.

இன்னொரு விஷயம். சினிமாவில் வேலை என்றால் அன்று மானக்கேடு. அதனால் யாராவது கேட்டால் ஹரிச்சந்திரா என்பவரின் ஃபேக்டரியில் வேலை என்று சொல்லுமாறு தன் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். உண்மையே பேசிய மன்னனைப் பற்றி எடுத்த படத்துக்கு ஒரு பொய்!

1913 மே 3-ஆம் தேதி பம்பாய் கொரோனேஷன் தியேட்டரில் படம் வெளியானது. பெரும் வெற்றி. 1917-ல் வந்த 'லங்கா தகன்' படத்தில் அதே சாளுங்கே ராமராகவும் சீதையாகவும் இரண்டு வேடத்திலும் நடித்தார். 1919-ல் 'காளிய மர்தன்' படத்தில் பால்கே தன் மகள் மந்தாகினியைக் குழந்தைக் கிருஷ்ணன் ஆக்கினார். மொத்தம் சுமார் 95 படங்கள், 27 குறும்படங்கள். பேசும் படம் வந்தபின் அவர் காலம் முடிந்தது. 1937-ல் 'கங்காவதரண்' என்ற ஒரே பேசும் படத்தை எடுத்தார். 1944 பிப்ரவரி 16-ல் நாசிக்கில் காலமானார். 1969 முதல் அவர் பெயரில் மத்திய அரசு விருது தருகிறது.

நண்பர்களே, இவரை ஏன் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குப் போறேன்னு உங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அது பொய். மத்திகிரியில் மாமாவின் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போகிறேன். கல்யாண ஜோடிக்கும், போர்ட்ஃபோலியோ எடுக்க வரும் மாடல்களுக்கும் மேக்கப் போடுவது என் வேலை. எண்ணெய் வழியும் நெற்றியில் ஃப்ளாஷ் பட்டால் வெள்ளைத் திட்டு விழும். முதலில் துடைத்து, பிறகு ஃபவுண்டேஷன், அதன் மேல் பவுடர். முகத்துக்குப் பூசும் நிறத்தைக் கழுத்து வரை இழுக்காவிட்டால் தலை தனியாக ஒட்ட வைத்தது போல் தெரியும். டெஸ்ட் போட்டோ பார்த்துத் திருத்த வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். பையன் இன்ஜினியர் ஆவான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். பவுடர் பூசும் கையைப் பார்த்தால் என்ன நினைப்பாங்களோ என்று பயம். ஆனால் என் பரீட்சை ஃபீஸ் அந்தக் கையில் இருந்துதான் வருகிறது.

பால்கே படித்த எதுவும் வீண் போகவில்லை. நம் லேத்தும் வீண் போகாது, என் பவுடர் டப்பாவும் வீண் போகாது. ஹரிச்சந்திராவின் ஃபேக்டரி என்று இனி நான் சொல்ல மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், நல்லா பூசுவியாடா என்று மட்டும் கேட்டார்.

இப்போ சிரிக்கலாம்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை