மூழ்கி எழுந்தவர்

கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தைப் பல ஆண்டுகளாக மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். குடியில் ஆழ்ந்தவனைக் காரணங் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீரினுள் மூழ்கியவனைத் தீப்பந்தங் கொண்டு தேடுவதை ஒக்கும் என்பது வள்ளுவனார் கருத்து. அதன் உண்மையை யான் ஏட்டிற் கண்டதினும் வாழ்விற் கண்டதே மிகுதி. என்பாற் கற்ற கெட்டிக்கார மாணாக்கன் ஒருவன் குடிக்கு அடிமையானான். எத்தனையோ முறை அறிவுரை கூறினேன். தலைகுனிந்து கேட்பான், கண்ணீரும் விடுவான், மறுநாள் மீண்டுங் குடிப்பான். என் கையிலிருந்ததும் அப்பந்தமே என உணர்ந்தேன். அங்ஙனமாயின் மூழ்கியவனுக்கு உய்வே இல்லையோ? இவ்வினாவுக்கு விடையாக அமைந்த ஒருவர் வாழ்வை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

வில்லியம் வில்சன் 1895ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி, அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்தில் ஈஸ்ற் டோசெற் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோர் பிரிந்தனர். தாய்வழிப் பாட்டனும் பாட்டியுமே அவரை வளர்த்தனர். பள்ளிப் பருவத்தில் அவர் அன்பு வைத்த பெண்ணும் திடீரென இறந்தாள். அத்துயரம் அவர் உள்ளத்தில் நெடுங்காலம் உறைந்து கிடந்தது.

1917இல் அவர் படையில் இளம் அதிகாரி. பெரிய மனிதர் வீட்டு விருந்தொன்றிற் கூச்சத்தால் ஒடுங்கி நின்றவர் கையில் யாரோ ஒருவர் மதுக்கிண்ணத்தைக் கொடுத்தார். பருகியதும் கூச்சம் பறந்தது. மருந்தென வந்ததே பின்னர் நோயாயிற்று. 1918 ஜனவரியில் லோயிஸ் என்னும் நங்கையை மணந்தார். போருக்குப்பின் நியூயோர்க்கிற் பங்குச் சந்தைத் தொழிலில் ஈடுபட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். பொருளோடு குடியும் வளர்ந்தது. 1929இற் சந்தை வீழ்ந்தது. செல்வம் போயிற்று, குடி போகவில்லை. மாமனார் வீட்டில் ஒதுங்கி, மனைவி கடையில் உழைத்த கூலியில் உண்ணும் நிலை எய்தினார். இனிக் குடியேன் என்று குடும்ப வேதநூலிற் பலமுறை எழுதிக் கொடுத்தார். எழுதியபோது பொய் எழுதவில்லை, காக்கத்தான் இயலவில்லை.

நியூயோர்க் வைத்தியசாலை ஒன்றில் மீண்டும் மீண்டும் சேர்க்கப்பட்டார். அங்கிருந்த டாக்டர் சில்க்வேத் என்பார், குடியடிமை ஒழுக்கக்கேடு மட்டுமன்று, உடலையும் மனத்தையும் ஒருங்கே பற்றிய நோய் என விளக்கினார். நெடுநாள் மதுவிற் பழகிய உடல் அதனைத் திடீரென இழந்தால் கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் ஒழியும், சிலர்க்கு வலிப்பு வரும், இல்லாதன கண்ணுக்குத் தோன்றும், உயிர்க்கே இடர் நேர்தலும் உண்டு. ஆதலின் முற்றிய குடியை விடுவோர் வைத்தியர் துணையோடு விடுதலே தக்கது. மனவுறுதி இல்லாதவன் என ஏசும் நாம் இதனை அறிதல் வேண்டும்.

1934 நவம்பரிற் பழைய குடித்தோழர் ஒருவர் வில்சனைக் காண வந்தார். நீட்டிய கிண்ணத்தை அவர் வாங்கவில்லை. தாம் மீண்ட வகையைச் சொன்னார். ஆசான்மார் சொல்லிப் புகாத சொல் தோழன் சொல்லப் புகுந்தது. டிசம்பர் 11ஆந் திகதி வில்சன் மீண்டும் வைத்தியசாலை சென்றார். அங்கே இறையொளி தம்மைச் சூழ்ந்ததாக உணர்ந்தார். அதன்பின் அவர் மதுவைத் தொடவில்லை.

ஆயினும் சோதனை முடியவில்லை. 1935 மே மாதம் ஒகையோ மாநிலத்து அக்றன் நகருக்கு வணிகத்தின்பொருட்டுச் சென்று தோல்வியுற்றார். விடுதி முன்கூடத்தில் தனியே நின்றார். ஒரு பக்கத்து மதுச்சாலையிலிருந்து சிரிப்பொலி எழுந்தது. மறுபக்கம் தொலைபேசி இருந்தது. தாம் தப்ப வேண்டுமாயின் வேறொரு குடியரோடு பேசுதல் வேண்டும் என அவர்க்குத் தோன்றியது. தேவாலயங்களை ஒவ்வொன்றாக அழைத்தார். அதன் பயனாக மறுநாள் றொபேட் சிமித் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியரைக் கண்டார். சிமித்தும் பெருங்குடியர். கால்மணி நேரமே இருப்பதாக வந்தவர் பல மணி நேரம் இருந்தார். வில்சன் உபதேசஞ் செய்யவில்லை. தம் கதையையே சொன்னார்.

சில வாரத்தில் சிமித் ஒருமுறை வழுக்கினார். சத்திரசிகிச்சை செய்யவேண்டிய நாள் வந்தது, கையோ நடுங்கியது. அந்நடுக்கந் தணிய வில்சன் தாமே ஒரு போத்தல் பியர் கொடுத்து அவரை வைத்தியசாலைக்கு அனுப்பினார் என்ப. அதுவே சிமித்தின் இறுதி மது. 1950இல் இறக்கும்வரை அவர் மீண்டுங் குடித்திலர். மரபாக 1935 ஜூன் 10 எனக் கொள்ளப்படும் அந்நாளே, பெயர் வெளியிடாக் குடியடிமைகள் சங்கத்தின் பிறந்தநாளாயிற்று. 1939இல் அவர்கள் அனுபவம் பன்னிரு படிகளாக நூலுருவம் பெற்றது. இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் அச்சங்கம் உண்டு. குடிப்போர் குடும்பத்தார்க்கென 1951இற் பிறந்த சங்கத்தைத் தோற்றுவித்தோருள் லோயிசும் ஒருவர்.

வில்சன் குறையற்றவர் அல்லர். குடியை விட்ட பின்னரும் பல ஆண்டு மனச்சோர்வால் வருந்தினார். புகையிலையை நெடுங்காலம் விடாது நுரையீரல் நோய்க்கு ஆளானார். மரணப்படுக்கையில் விஸ்கி கேட்டதாகவும், அஃது அவர்க்குக் கொடுக்கப்படவில்லை எனவும் பின்னர் வெளிப்பட்டது. 1971 ஜனவரி 24ஆந் திகதி, தம் மணநாளன்றே, மறைந்தார். இச்செய்தி அவர் புகழைக் குறைப்பதாக யான் கருதுகின்றிலேன். முப்பத்தாறு ஆண்டு உள்ளிருந்து அழைத்த குரலை நாள்தோறும் வென்றவர் என்பதன்றோ இதனாற் புலனாவது?

இவ்வரலாற்றைக் கற்றபின் என் மாணாக்கனுக்கு உபதேசஞ் செய்வதை நிறுத்தினேன். முதலில் வைத்தியரிடமும், பின்னர்க் குடித்து மீண்ட ஒருவரிடமும் அழைத்துச் சென்றேன். அவர்கள் இருவரும் நெடுநேரம் பேசினர். யான் வெளித்திண்ணையிற் காத்திருந்தேன். கரையிற் பந்தமேந்தி நிற்பவனால் ஆகாதது, மூழ்கி எழுந்தவனால் ஆகும். இன்று அவன் குடிப்பதில்லை. நாளையைப்பற்றி அவனுஞ் சொல்வதில்லை, யானுங் கேட்பதில்லை.