நாள் தவறாமல் எழுதியவர்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் - பாகூர்)



ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு எழுதுவதே நமக்குப் பெரிய பாரம். கடைசி நாள் ராத்திரி பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பியடிக்கிற ஆட்கள்தான் நாம். மார்க் போட யாருமே இல்லாமல் 24 வருஷத்துக்கு மேலாக தினசரி நடப்பை எழுதிவைத்த ஒருவர் நம் புதுச்சேரியில் வாழ்ந்தார். அவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. டவுனுக்குப் போனால் ரங்கப்பிள்ளை வீதியில் நடக்காதவர் நம்மில் யார்?

அவர் பிறந்தது 1709-ல், சென்னைப் பெரம்பூரில். தந்தை திருவேங்கடம் பிள்ளை வியாபாரத்துக்காகக் குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்தவர். உறவினர் நைனியப்பப் பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். கவர்னரின் பகையால் சிறைக்குப் போய் 1717-ல் அங்கேயே இறந்தார். துரைமாரிடம் வேலை பார்ப்பது கத்திமேல் நடப்பது என்பதை ரங்கப்பிள்ளை சின்ன வயதிலேயே பார்த்துவிட்டார்.

பரங்கிப்பேட்டையில் கம்பெனி வியாபாரத்தைக் கவனித்துப் பேர் வாங்கினார். 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்தார். கப்பல் வந்தது, துணி வியாபாரம், கவர்னர் பேசியது, ஊர் வம்பு, ஆட்களைத் திருடி அடிமைகளாக விற்றவர்கள் பிடிபட்டது என்று எல்லாம் அதில் உண்டு. பண்டிதத் தமிழ் இல்லை. வாயால் பேசுகிற தமிழ்!

1742-ல் துப்ளேக்ஸ் கவர்னரானார். 1747-ல் ரங்கப்பிள்ளை தலைமைத் துபாஷியானார். 1748-ல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டபோது சர்ச் பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். இவ்வளவு செல்வாக்கு இருந்தும் அவரால் தடுக்க முடியவில்லை. மனம் நொந்து அதையும் எழுதிவைத்தார். துப்ளேக்ஸின் மனைவியோடு இருந்த பகையையும் மறைக்கவில்லை. தன் பெருமை, சாதிப் பெருமை, பொறாமை எல்லாமே அந்தப் பக்கங்களில் தெரியும்.

1754-ல் துப்ளேக்ஸ் பிரான்சுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 1756-ல் இவர் பதவியும் போனது. பதவி போனாலும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1760-ல் வில்லியனூர்க் கோட்டையும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1761 ஜனவரி 16-ல் அவர்கள் புதுச்சேரிக்குள் நுழைந்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் ரங்கப்பிள்ளை கண்ணை மூடினார்.

அந்த ஏடுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846-ல்தான் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டன. 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் வெளிவந்தன. நம் ஊர் எழுத்தாளர் பிரபஞ்சன் இந்தக் குறிப்புகளிலிருந்து நாவல்களே படைத்தார். அதில் 'வானம் வசப்படும்' 1995-ல் சாகித்திய அகாடமி பரிசு பெற்றது.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு யோசனை. 1752-ல் எங்கள் பாகூரில் பிரெஞ்சுப் படைக்கும் ஆங்கிலப் படைக்கும் பெரிய சண்டை நடந்தது. தளபதிகள் பேர் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அன்று பயிர் மிதிபட்ட குடியானவன் பேர் எங்கும் இல்லை. எழுத அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அவனை எழுதவில்லை. எங்கள் தாத்தா இறந்தபோது சர்டிபிகேட்டுக்காக அவர் வயதைக் கேட்டார்கள். அப்பாவுக்குத் தெரியல, பாட்டிக்கும் தெரியல. ஏதோ ஒரு நம்பரைச் சொல்லி எழுதினோம். எழுபதோ எண்பதோ வருஷம் ஏர் பிடித்த மனுஷனுக்கு ஒரு வரிகூட இல்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தவன் நான். உங்களில் பலரும் அப்படித்தான். நாம் போடும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். 2 ரூபாய் பேனாவால் நோட்டில் எழுதியது நிற்கும். நான் ஒரு 80 பக்க நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் பாட்டி சொன்னதை எழுதியிருக்கிறேன்: தாத்தாவுக்குக் கல்யாணம் ஆன வருஷம் பெரிய புயல் அடித்ததாம். எந்தப் புயல் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்று ராத்திரியே கேளுங்கள், நண்பர்களே!