சிற்றூர்க் கருவூலங்கள்

வானளாவிய மாளிகையை எழுப்பியவரை உலகம் போற்றும். சிற்றூர்க் கடைவீதியில் சிறு வங்கி ஒன்றைக் கட்டியவரை யார் நினைப்பார்? இரண்டையும் செய்தவர் ஒருவர் உண்டு. அவரே அமெரிக்கக் கட்டடக்கலை அறிஞர் லூயி சல்லிவன். நூலகத்தில் ஒரு படநூலில் அவருடைய வங்கிகளைக் கண்ட நாள் முதல் அவர் வரலாறு என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1856ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பாஸ்டன் நகரில் சல்லிவன் பிறந்தார். தந்தை அயர்லாந்திலிருந்து குடியேறிய நடன ஆசிரியர். பதினாறு வயதில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்த சல்லிவன் அங்கு ஓராண்டே பயின்றார். 1871இல் பெருந்தீயில் வெந்த சிகாகோ நகரம் மீண்டும் எழுந்துகொண்டிருந்த காலம் அது. 1873இல் அங்கே சென்றார். பின்னர்ப் பாரிசிலும் சிறிது காலம் பயின்று திரும்பினார்.

டாங்க்மார் ஆட்லர் என்னும் பொறியியல் வல்லுநருடன் கூட்டுச் சேர்ந்ததும் புகழ் அவரைத் தேடி வந்தது. 1889இல் நாலாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய ஆடிட்டோரியம் அரங்கு. 1891இல் செயின்ட் லூயி நகரில் பத்து மாடி வெயின்ரைட் கட்டடம்! எஃகுச் சட்டமே சுமையைத் தாங்குவதால் சுவர் வெறும் போர்வையாகி விடுகின்றது. அந்த உண்மையை மறைக்காமல், உயரத்தையே அழகாக்கிக் காட்டினார் அவர். பயனுக்கேற்பவே உருவம் அமைய வேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிராங்க் லாயிட் ரைட் அவரிடம் தொழில் கற்றவரே.

ஆனால், வாழ்வு ஒரே சீராகச் செல்லுமா? 1893இல் பொருளாதார நெருக்கடி நாட்டை உலுக்கியது. 1895இல் ஆட்லர் பிரிந்தார். வேலை குறைந்தது. குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1909இல் தம் நூல்களையும் கலைப்பொருள்களையும் ஏலத்தில் விட்டார்.

பெருநகரம் அவரை மறந்த வேளையில் சிற்றூர்கள் அழைத்தன. மின்னசோட்டா மாநிலத்தில் ஓவட்டோனா என்னும் ஊரின் வங்கியாளர் கார்ல் பென்னட், சல்லிவனின் கட்டுரையொன்றைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதினார். 1908இல் அங்கே உழவர் வங்கி எழுந்தது. செங்கல் சுவர், அதில் இரண்டு மாபெரும் வில்வளைவுச் சாளரங்கள், வண்ணக் கண்ணாடி வழியே இறங்கும் பசிய ஒளி. உள்ளே சுவரோவியங்களில் மேயும் பசுக்களும் அறுவடைக் காட்சியும்! உழவர் கூடிப் பேசத் தனி அறையும் இருந்தது.

இதைப் படித்தபோது என் தந்தையார் நினைவுக்கு வந்தார். பயிர்க்கடன் கேட்கச் சென்றால், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, உள்ளே போகலாமா என்று தயங்கி நிற்பார் அவர். தம் மாடும் தம் வயலும் சுவரில் வரையப்பட்ட வங்கியில் ஓர் உழவன் தலைநிமிர்ந்து நுழைவான் அல்லவா?

ஐயோவாவில் கிரின்னல், ஒகையோவில் சிட்னி, விஸ்கான்சினில் கொலம்பஸ் என 1919 வரை அவர் சிற்றூர்களில் எழுப்பிய இத்தகைய கட்டடங்கள் எட்டு. மக்கள் அவற்றை நகைப்பேழைகள் என்பர். அவற்றைக் காணவே இன்றும் பயணிகள் ஊர் ஊராகச் செல்கின்றனர்.

1924ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், சிகாகோ விடுதியறையொன்றில், வறுமையில் அவர் உயிர் பிரிந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1944இல், அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் தங்கப்பதக்கம் அளித்தது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை! 1972இல் அவருடைய சிகாகோ பங்குச் சந்தைக் கட்டடத்தை இடித்தனர். அதன் சிற்ப வேலைப்பாடுகளைக் காக்கப் போராடிய புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் நிக்கல் இடிபாட்டில் சிக்கி உயிர் நீத்தார்.

ஓவட்டோனா வங்கி 1926இலேயே நொடித்தது. கட்டடமோ நிலைத்தது, 1981இல் அஞ்சல்தலையிலும் இடம்பெற்றது. பணம் போயிற்று, கலை நின்றது.

நண்பர்களே! நம் ஊர்களிலும் பழைய சத்திரங்களும் மண்டபங்களும் உள்ளன. இடிக்கும் முன் ஒருமுறை நின்று, அண்ணாந்து பார்ப்போம். அதைக் கட்டியவரும் ஒரு சல்லிவனாக இருந்திருக்கலாம்.