ஆற்றைத் திருப்பிய என்ஜினீயர்

கம்பம் பள்ளத்தாக்கில் சில வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் படம் மாட்டியிருக்கும். மீசை வைத்தவர். கோட்டு போட்டவர்.

அந்தப் பக்கத்தில் சில பையன்களுக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். தேனி பஸ் நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

அவர்தான் கர்னல் ஜான் பென்னிகுவிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய என்ஜினீயர். அவர் இறந்து 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

வெள்ளைக்காரர் ஆட்சி போய்விட்டது. அவர்களுடைய சிலைகள் பல ஊர்களில் அகற்றப்பட்டுவிட்டன. ஆனால் இந்த ஒரு வெள்ளைக்காரருக்கு மட்டும் உழவர்கள் பொங்கல் வைக்கிறார்கள்!

8 வயதில் இடி

1841-ம் ஆண்டு ஜனவரி 15-ந்தேதி புனா நகரில் பிறந்தார் பென்னிகுவிக். தந்தை ராணுவ அதிகாரி. தந்தை பெயரும் ஜான் பென்னிகுவிக்தான்.

1849-ம் ஆண்டு ஜனவரி 13-ந்தேதி பஞ்சாபில் சிலியன்வாலா என்ற இடத்தில் சீக்கியப் படைக்கும் ஆங்கிலேயப் படைக்கும் கடும்போர் நடந்தது. அந்தப் போரில் தந்தை மடிந்தார். அதே போர்க்களத்தில் அண்ணன் அலெக்சாண்டரும் மடிந்தார். அண்ணனுக்கு வயது 17தான்.

இன்னும் இரண்டு நாளில் சிறுவன் ஜானுக்கு 8-வது பிறந்த நாள். ஒரே நாளில் தகப்பனையும் தமையனையும் பறிகொடுத்த வீட்டில் அந்தப் பிறந்த நாள் எப்படி இருந்திருக்கும்?

இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் கல்லூரியில் படித்தார். பிறகு ஆடிஸ்கோம் ராணுவப் பள்ளியில் என்ஜினீயர் பயிற்சி பெற்றார். 1860-ம் ஆண்டு சென்னை ராஜதானிக்கு வேலைக்கு வந்தார். இடையில் அபிசீனியா படையெடுப்புக்கும் போய்விட்டு வந்தார். 1879-ம் ஆண்டு கிரேஸ் என்ற பெண்மணியை மணந்தார். இவர்களுக்கு 5 பெண்கள், ஒரு பையன்.

ஒரு மலை, இரண்டு விதி

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். இந்தப் பக்கம் மேகம் வெறுங்கையோடு வரும்.

பெரியாறு அந்தப் பக்கத்து ஆறு. மலையில் பிறந்து, மேற்கே ஓடி, அரபிக்கடலில் விழுகிறது. வைகை இந்தப் பக்கத்து ஆறு. பல மாதம் மணல்தான் ஓடும்.

பெரியாற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன? இந்த எண்ணம் முதலில் உதித்தது ஒரு தமிழருக்கு! 1789-ம் ஆண்டிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, 12 பேரை மலைக்கு அனுப்பி இடம் பார்த்துவரச் செய்தார். பணம் இல்லாததால் காரியம் நின்றது.

1808-ல் கேப்டன் கால்டுவெல் என்பவர் ஆராய்ந்தார். இது நடக்காது என்று கைவிரித்தார். 1850-ல் ஒரு சிறு அணை கட்டத் தொடங்கினார்கள். காய்ச்சல் வந்தது. கூலியாட்கள் தங்கவில்லை. வேலை நின்றது. 1860-களில் கேப்டன் ரைவ்ஸ் மண் அணைத் திட்டம் ஒன்று போட்டார். அதுவும் காகிதத்தோடு நின்றது.

இதற்குள் தாது வருஷப் பஞ்சம் வந்துவிட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான மக்கள் செத்தார்கள். அந்தப் பஞ்சத்தின் கதைகளைச் சொல்லாத பாட்டி மதுரைச் சீமையில் அந்த நாளில் இல்லை. பெரியாற்றுத் திட்டம் அதன் பிறகு மீண்டும் உயிர் பெற்றது. 1882-ல் அதைப் புதிதாகத் தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 41.

மடை அடைக்கும் வித்தை

புதுமை என்றால் யாரும் நினைக்காத ஒன்றை நினைப்பது என்று பலர் எண்ணுகிறோம். பென்னிகுவிக் கதை அப்படி இல்லை. ஆற்றைத் திருப்பும் எண்ணம் அவருடையது அல்ல. அவர் பிறப்பதற்கு 50 ஆண்டுக்கு முந்தியது. முன்னே போனவர்கள் எந்த இடத்தில் இடறினார்கள் என்று பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் வழி கண்டார். அவருடைய சாமர்த்தியமே அதுதான்.

வாய்க்காலில் மடையை அடைத்தால் தண்ணீர் பின்னால் ஏறும். ஏறிய தண்ணீர் பக்கத்து வரப்பில் தாழ்வான இடம் பார்த்து வெளியே போகும். இது உழவர் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும். பெரியாற்றில் செய்ய வேண்டியதும் இதுவேதான். குறுக்கே அணை கட்டினால், தண்ணீர் பின்வாங்கி, தேக்கடி வரை வந்து நிற்கும். அங்கே மலை குறுகலாக இருக்கிறது. அதைக் குடைந்து சுரங்கம் போட்டால் தண்ணீர் கிழக்கே விழும்.

சொல்வதற்குச் சுலபம். ஆனால் அணையில் தண்ணீர் ஏறத்தாழ 104 அடி உயர்ந்தால்தான் சுரங்கத்துக்குள் புகும். அவ்வளவு உயரத்துக்குக் காட்டாற்றைக் கட்டிப்போட வேண்டும்.

பழைய திட்டங்கள் மண் அணையை நம்பின. மண் அணையில் ஒரு கஷ்டம் உண்டு. கட்டி முடிக்கும் முன்பு அதன்மேல் வெள்ளம் புரண்டால் கரைந்துவிடும். பெரியாற்று வெள்ளமோ ஆண்டு தவறாமல் வரும்.

பென்னிகுவிக் கல் அணைக்கு மாறினார். பாதி கட்டிய கல் அணைமேல் வெள்ளம் ஏறிப் போனால் போகட்டும். வடிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து கட்டிக்கொள்ளலாம். குழம்பில் உப்பு கூடிவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி அடுப்பு மூட்டுகிறவர்கள் உண்டு. உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுச் சரிசெய்கிறவர்களும் உண்டு. பென்னிகுவிக் இரண்டாவது ரகம்.

சுண்ணாம்பும் செங்கல் பொடியும்

அணை கட்டும் இடம் திருவாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம். 1886-ம் ஆண்டு அக்டோபர் 29-ந்தேதி குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8 ஆயிரம் ஏக்கர் நிலம். ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40 ஆயிரம் ரூபாய். குத்தகைக் காலம் 999 ஆண்டு!

1887-ல் வேலை தொடங்கியது.

அந்த நாளில் நல்ல சிமெண்டு என்றால் பெரும்பாலும் கப்பலில்தான் வர வேண்டும். விலையும் கொள்ளை. இவ்வளவு பெரிய அணைக்கு அது கட்டுபடியாகாது.

நம் ஊர்ப் பழைய வீடுகளையும் கோவில்களையும் பாருங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. ஆனால் வெறும் சுண்ணாம்பு இறுகக் காற்று வேண்டும். ஈரத்தில் அது எளிதில் இறுகாது. அதோடு நன்றாகச் சுட்ட செங்கல் பொடியைச் சேர்த்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். கொத்தனார்கள் இதைச் சுர்க்கி என்பார்கள். நம் நாட்டுக் கொத்தனார்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி.

இதைத்தான் பென்னிகுவிக் எடுத்துக்கொண்டார். அணையின் முன்னும் பின்னும் கல் கட்டிடம். நடுவே சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், உடைத்த கல் சேர்த்த கலவை. உயரம் அடிவாரத்திலிருந்து 176 அடி. நீளம் சுமார் 1,200 அடி. சீமைச் சரக்கைக் கண்டு மயங்காமல், காலடியில் கிடந்ததை எடுத்தார் என்பதற்காகவே இவரைப் பாராட்டலாம்.

சரக்கு எப்படி ஏறியது?

அணை இருக்கும் இடம் அடர்ந்த காடு. யானையும் புலியும் திரியும் காடு. பாதை கிடையாது.

ரெயிலில் வரும் சாமான்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கும். இன்று கொடைரோடு என்கிறோமே, அதே ஊர்தான். அங்கிருந்து மாட்டு வண்டி. கம்பம் பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்து கூடலூருக்கு வரவேண்டும். எதிரே மலை செங்குத்தாக நிற்கும். சுண்ணாம்பும் பள்ளத்தாக்கிலிருந்துதான் மேலே போக வேண்டும்.

எத்தனை மாடு பூட்டினாலும் அவ்வளவு சரக்கையும் ஏற்ற முடியாது. எனவே அடிவாரத்திலிருந்து தேக்கடி வரை இரும்புக் கம்பி வடம் கட்டினார்கள். தொட்டிகள் வடத்தில் தொங்கியபடி மலை ஏறின. மேலே போன பிறகு? அங்கே ஓடிய சிற்றாற்றில் குறுக்கே தடுப்பு போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். அதில் படகு விட்டார்கள். ரெயில், மாட்டு வண்டி, கம்பி வடம், படகு என்று நான்கு கை மாறித்தான் சாமான் அணைக்குப் போய்ச் சேர்ந்தது.

முழுத் தூரத்துக்கும் ஒரே வழி தேடியிருந்தால் இன்னும் தேடிக்கொண்டே இருந்திருப்பார்கள்!

வெள்ளமும் காய்ச்சலும்

அஸ்திவாரம் போடும்போதுதான் பெரிய போராட்டம். ஆற்றை ஒதுக்கத் தற்காலிக அணை போடுவார்கள். வெள்ளம் வரும். அடித்துக்கொண்டு போகும். மறுபடி போடுவார்கள். மறுபடி போகும். ராணுவப் பயனீர் படையினரும், கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுகீசிய வழித் தச்சர்களும் இந்த வேலையில் ஈடுபட்டார்கள்.

வெள்ளத்தைவிடக் கொடியது காய்ச்சல். மலேரியா கொசுவால் பரவுகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ரொனால்டு ராஸ் அதைக் கண்டுபிடித்தது 1897-ல். அதாவது அணை திறந்து 2 ஆண்டு கழித்து! காலராவும் சேர்ந்துகொண்டது. நாட்டுச் சாராயம் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. அது இல்லாவிட்டால் அணையே முடிந்திராது என்றுகூட நம்பினார்கள். இன்றைய டாக்டர்கள் சிரிப்பார்கள். ஆனால் குளிரிலும் மழையிலும் இடுப்பளவு தண்ணீரில் நின்றவனுக்கு வேறு என்ன கிடைத்தது?

வேலை நடந்த ஆண்டுகளில் நோயால் மட்டும் 483 பேர் இறந்தார்கள். அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்த கல்லறைகள் இருக்கின்றன. பென்னிகுவிக்குக்கு மணி மண்டபம் இருக்கிறது. இந்த 483 பேரில் எத்தனை பேருடைய பெயரை நாம் கேட்டிருக்கிறோம்?

பள்ளத்தாக்கில் ஒரு கதை உண்டு. வெள்ளம் பலமுறை வேலையைக் கெடுத்ததால் சர்க்கார் பணம் தர மறுத்ததாம். பென்னிகுவிக் இங்கிலாந்து போய், தன் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்தாராம். திண்ணைக்குத் திண்ணை இந்தக் கதையைச் சொல்வார்கள். வரலாற்று ஆராய்ச்சியாளர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. சென்னை சர்க்கார் பணத்தில் கட்டிய அணை இது என்கிறார்கள்.

கதை எப்படியோ போகட்டும். 13 ஆண்டு ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

தண்ணீர் வந்தது

சுரங்கத்தின் நீளம் 5,704 அடி. ஒரு மைலுக்கும் கூடுதல். பாறையை வெடி வைத்துக் குடைந்தார்கள்.

1895-ம் ஆண்டு அக்டோபர் மாதம் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பியது. சுருளியாற்றில் கலந்து, வைகையில் சேர்ந்து, மதுரைக்கும் மேலூருக்கும் போனது.

அடுத்த ஆண்டே பென்னிகுவிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் இருந்த இந்திய என்ஜினீயரிங் கல்லூரிக்குத் தலைவரானார். இந்தியாவுக்கு வரும் இளம் என்ஜினீயர்களைத் தயாரித்த கல்லூரி அது. பெரியாறு பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு அந்த நாட்டு என்ஜினீயர் சங்கம் டெல்போர்டு பதக்கம் கொடுத்தது. 1899-ல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகருக்கு அழைத்தார்கள். அங்கே ஆற்று வெள்ளம் ஊரை அழித்துக்கொண்டிருந்தது. பெரியாற்று வெள்ளத்தோடு மல்லுக்கட்டியவர்தானே! போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார்.

1911-ம் ஆண்டு மார்ச் 9-ந்தேதி இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற ஊரில் காலமானார். வயது 70. கேம்பர்லியில் 2022-ம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு அவருக்குச் சிலை வைத்தது. அதற்கு முன்பே, 2013-ல், கூடலூர் அருகே லோயர் கேம்பில் மணி மண்டபம் திறக்கப்பட்டது.

இன்று அந்தத் தண்ணீர் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டங்களுக்குப் போகிறது. மலையிலிருந்து இறங்கும் வழியில் மின்சாரமும் எடுக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அதை ஒட்டிய தோட்டங்களில் திராட்சை காய்க்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஜனவரி 15-ந்தேதி அவர் பிறந்த நாள். பொங்கலை ஒட்டியே வருகிறது. அன்று பாலார்பட்டி கிராமத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டு, பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுகிறார்கள். பானையில் வேகும் அரிசி அந்த ஊர் வயலில் விளைந்தது. வயலுக்குப் பாய்ந்தது பெரியாற்றுத் தண்ணீர்.