பாலக்காடு மணி ஐயர்

பாலக்காடு மணி ஐயர் (ஜூன் 12, 1912 - மே 30, 1981) கருநாடக இசை உலகின் புகழ்பெற்ற மிருதங்கக் கலைஞர்களுள் ஒருவர் ஆவார். கேரளத்தில் பிறந்த இவர், தஞ்சாவூர் மிருதங்க மரபில் பயிற்சி பெற்றார். மிருதங்கக் கலைஞர்களுள் முதன்முதலாகச் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் இவரே. கச்சேரி மேடையில் மைக் எனப்படும் ஒலிவாங்கியைப் பயன்படுத்துவதை எதிர்த்தவர் என்ற வகையிலும் இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

மணி ஐயர் பாலக்காட்டுப் பகுதியில் ஓர் இசைக் குடும்பத்தில் பிறந்தார். சாத்தபுரம் சுப்பையரிடம் தொடக்கப் பயிற்சி பெற்றார். சிறு வயதிலேயே செம்பை வைத்தியநாத பாகவதரின் கச்சேரிகளில் வாசித்துப் பலரது கவனத்தையும் ஈர்த்தார். பெயர் பெற்ற பின்னரும் பயிற்சியை நிறுத்திவிடாது, தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் மாணவராகச் சேர்ந்தார். தஞ்சாவூர் டி. கே. மூர்த்தியும் இதே ஆசிரியரிடம் பயின்றவராவார்.

1965 ஆம் ஆண்டு எடின்பரோ இசை விழாவில் கே. வி. நாராயணசாமியின் பாட்டுக்கு மிருதங்கம் வாசித்தார். நெடுங்காலம் பெண் பாடகர்களுக்கு வாசிக்காதிருந்த இவர், பின்னர் டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்து அவ்வழக்கத்தைக் கைவிட்டார். பிற்காலத்தில் ஆந்திரத்திலுள்ள ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியில் மிருதங்கம் கற்பித்தார்.

தஞ்சாவூரும் மிருதங்கமும்

மிருதங்கத்தின் உடல் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படுகிறது. பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்கள் இதற்குப் பயன்படுகின்றன. தஞ்சாவூர் இக்கருவி செய்வோருக்குப் பெயர் பெற்ற ஊராகும். மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர்களுள் தஞ்சாவூரைச் சேர்ந்த பர்லாந்து குறிப்பிடத்தக்கவர். மணி ஐயர் விரும்பிய நாதத்தைத் தோலில் உருவாக்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. இக்கைவினைஞர்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020 இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார்.

மிருதங்கத்தின் வலந்தலையில் நிலையான கருஞ்சாந்துப் பூச்சு உள்ளது. இடந்தலையில், அதாவது தொப்பியில், வாசிக்கும் முன் ரவையைப் பிசைந்து ஒட்டுவர். வலந்தலைப் பூச்சினால் அதன் மேற்சுரங்கள் இசையொழுங்குடன் அமைகின்றன என்பதை, காவிரிக்கரையிலுள்ள திருவானைக்காவலில் பிறந்த அறிவியலாளர் ச. வெ. இராமன் ஆராய்ந்து விளக்கினார். அவரது முதல் கட்டுரை 1920 இல் வெளியானது.

ஒலிவாங்கி குறித்த நிலைப்பாடு

சபாக்கள் பெருகி அரங்குகள் பெரிதானபோது, ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் கச்சேரி மேடைக்கு வந்தன. பின்வரிசையில் அமர்ந்தோருக்கும் பாட்டு கேட்டது. ஆனால் மிருதங்கத்தின் மெல்லிய ஒலிகளும், வலந்தலைக்கும் தொப்பிக்கும் இடையிலான அளவும் ஒலிபெருக்கியின் வழியே மாறிவிடுகின்றன. வலந்தலையின் கூர்மையான சொற்கள் உரத்துக் கேட்க, தொப்பியில் எழும் கும்கி ஒன்று அமுங்கிவிடும், அல்லது அளவுக்கு மீறி முழங்கும்.

பாடலின் போக்கை உணர்ந்து, அதற்கேற்ப ஒலியைக் கூட்டியும் குறைத்தும் வாசிப்பது மணி ஐயரின் தனிச்சிறப்பு. அவ்வாறு விரலால் செய்த ஏற்றத்தாழ்வைக் கருவியை இயக்குபவர் மாற்றிவிடக்கூடும் என்பதே இச்சிக்கலின் மையம். ஒலிவாங்கி இல்லாத கச்சேரிகளை மணி ஐயர் வலியுறுத்தினார். அத்தகைய கச்சேரிகளில் வாசித்தும் காட்டினார். எனினும் பெரிய அரங்குகளைச் சார்ந்திருந்த சபா வழக்கத்தை அவரால் மாற்ற இயலவில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் மிருதங்கம்

மேடையில் எழும் இச்சிக்கலை ஒலிப்பதிவுக் கூடத்தில் பெருமளவு தவிர்க்கலாம். அங்கு மின்தேக்கி ஒலிவாங்கி பெரிதும் பயன்படுகிறது. 1916 இல் அமெரிக்கப் பொறியாளர் எட்வர்டு வென்டே இதனை உருவாக்கினார். மின்னூட்டம் பெற்ற ஒரு தகட்டின் முன் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். ஒலியால் சவ்வு அதிரும்போது இரண்டுக்கும் இடையிலான தொலைவு மாறி, மின் குறிப்பு உண்டாகிறது. சவ்வு மிக இலேசானதாகையால் நுண்ணிய ஒலிகளும் பதிவாகின்றன. இதற்கு மின்சாரம் தேவை. கலவைக் கருவியிலிருந்து ஒலிவடத்தின் வழியே 48 வோல்ட் அளிப்பது வழக்கம்.

மிருதங்கத்தைப் பதிவு செய்யும்போது பின்வருவன கருத்தில் கொள்ளப்படுகின்றன:

- வலந்தலைக்கு ஒன்றும் தொப்பிக்கு ஒன்றுமாக இரண்டு ஒலிவாங்கிகளை வைத்தால், இரு பக்க ஒலிகளையும் தனித்தனியே அளவிட முடியும்.
- ஒருபக்க ஒலிவாங்கியைத் தொப்பிக்கு மிக அருகில் வைத்தால் தாழ்ந்த ஒலி மிகுந்துவிடும். ஏறத்தாழ ஓர் அடித் தொலைவில் தொடங்கி, கேட்டுப் பார்த்து மாற்றுவது நன்று.
- ஒரே ஒலி இரு ஒலிவாங்கிகளையும் வெவ்வேறு நேரத்தில் அடைந்தால், சேர்த்துக் கேட்கும்போது சில சுரங்கள் நலியக்கூடும். எனவே இரண்டையும் சேர்த்தும் தனித்தும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.
- பதிவு அளவைத் தனி ஆவர்த்தனத்தின் உரத்த பகுதியைக் கொண்டு அமைக்க வேண்டும். இல்லையெனில் வலந்தலையின் கடும் அடிகள் சிதைந்து பதிவாகும்.
- ஈரப்பதம் மிருதங்கத் தோலையும் ஒலிவாங்கியின் சவ்வையும் பாதிக்கும். காவிரிப் படுகை போன்ற ஈரமான பகுதிகளில் ஒலிவாங்கியை ஈரம் உறிஞ்சும் பொருளுடன் மூடிய பெட்டியில் வைப்பது வழக்கம்.

வாசிப்பவர் கேட்கும் நாதத்தை ஒலிப்பதிவாளரும் முதலில் அருகில் அமர்ந்து கேட்பதே இவற்றுள் முதன்மையானது. கருவியின் இயல்பான ஒலி மாறக்கூடாது என்ற மணி ஐயரின் கவலைக்கு இது ஓரளவு விடையாகும். அவரது வாசிப்பை இன்றைய தலைமுறை அறிவது, அவர் ஐயத்துடன் நோக்கிய ஒலிவாங்கி பதிந்து வைத்த ஒலிப்பதிவுகளின் வழியாகவே என்பது குறிப்பிடத்தக்கது.

மாணவர்கள்

- பாலக்காடு ஆர். ரகு
- மாவேலிக்கரை வேலுக்குட்டி நாயர்
- உமையாள்புரம் கா. சிவராமன்

விருதுகள்

- சங்கீத நாடக அகாதமி விருது, 1956
- சங்கீத கலாநிதி விருது, சென்னை மியூசிக் அகாதெமி, 1966
- பத்ம பூஷண் விருது, 1971