சரணாகதியும் முயற்சியும்: சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் வாழ்வு

எல்லாம் இறைவனின் சித்தப்படியே நடைபெறுகின்றன என்றால் மனிதன் முயல்வது எதற்கு? மனிதன் முயன்றே ஆகவேண்டும் என்றால் சரணாகதிக்கு இடம் எங்கே? ஆன்மீக வாழ்வில் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொருவர் மனத்திலும் இந்த ஐயம் எழுகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ உலகில் புனித அகஸ்டினுக்கும் பெலாஜியஸுக்கும் இடையே எழுந்த பெரும் விவாதமும் இதைப் பற்றியதே. பெலாஜியஸ் மனித சித்தத்தின் வலிமையை வற்புறுத்தினார். அகஸ்டினோ, தேவகிருபை இன்றி நற்சித்தமே எழாது எனக் கொண்டார். நமது வைணவ மரபில், தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும் தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் உவமையாகக் காட்டி இதே கேள்வி ஆராயப்பட்டது.

வாதத்தால் தீராத இந்த ஐயத்திற்குத் தமது வாழ்வையே விடையாகத் தந்தவர், பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் நேரடிச் சீடரும், தென்னாட்டில் ராமகிருஷ்ண இயக்கத்திற்கு வித்திட்டவருமான சுவாமி ராமகிருஷ்ணானந்தர். ஸ்ரீராமானுஜரின் வரலாற்றை வங்கமொழியில் எழுதியவரும் அவரே.

1863-ஆம் ஆண்டு வங்காளத்தில் பிறந்த அவரது பூர்வாசிரமப் பெயர் சசிபூஷண் சக்கரவர்த்தி. 1883-இல், கல்லூரி மாணவராக இருந்தபோது குருதேவரைத் தரிசித்தார். குருதேவர் காசிப்பூரில் நோயுற்றிருந்தபோது படிப்பைத் துறந்து, ஊண் உறக்கம் மறந்து பணிவிடை செய்தார். 1886 ஆகஸ்ட் மாதம் குருதேவர் மகாசமாதி அடைந்தார். அதே ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், ஆண்ட்பூர் கிராமத்தில் துனி நெருப்பைச் சுற்றி அமர்ந்த இளைஞர்களுக்கு நரேந்திரர் இயேசுபிரானின் தியாக வாழ்வை எடுத்துரைத்தார். உலகைத் துறப்பதென அன்று உறுதிபூண்டவர்களுள் சசியும் ஒருவர்.

சகோதரத் துறவிகள் தீர்த்த யாத்திரை சென்றபோதும் அவர் மடத்தை விட்டு அகலவில்லை. குருதேவர் அங்கே உயிருடன் உறைகிறார் என்பது அவருக்கு நம்பிக்கை அன்று, அனுபவம். ஆகவே வேளை தவறாமல் நிவேதனம் படைத்தார். கோடை இரவுகளில் திருவுருவப் படத்திற்கு விசிறி வீசினார். எல்லாம் வல்லவனுக்கு விசிறி எதற்கு என்று அவர் எண்ணவில்லை. இறைவனுக்குத் தேவை இல்லாவிடினும், அடியவன் தன் கடமையைக் குறைத்துக்கொள்ள அது காரணமாகாது.

1897-இல் சுவாமி விவேகானந்தரின் ஆணையை ஏற்றுச் சென்னைக்கு வந்தார். வகுப்புகள் நடத்த நகரின் பல பகுதிகளுக்கும் பெரும்பாலும் நடந்தே சென்றார். களைத்துத் திரும்பும் சில இரவுகளில் கடையில் வாங்கிய ரொட்டியே அவரது உணவு. ஒருநாள் வகுப்புக்கு ஒருவர்கூட வரவில்லை. அவரோ ஆளில்லாத அறையில் அமர்ந்து வழக்கம்போல் முழுச் சொற்பொழிவையும் நிகழ்த்திவிட்டே திரும்பினார். அப்பணியை அவர் ஒரு விரதமாகவே ஏற்றிருந்தார். கேட்பவரை அனுப்புவதும் அனுப்பாததும் இறைவன் பொறுப்பு. சொல்வது தம் பொறுப்பு.

1906-இல் மடம் இயங்கிவந்த ஐஸ் ஹவுஸ் மாளிகை ஏலத்திற்கு வந்தது. ஏலத் தொகை ஏற ஏற பக்தர்கள் பதறினர். சுவாமிகளோ வளாகத்தின் ஒரு மூலையில் பெஞ்சில் அமைதியாக அமர்ந்திருந்தார். மாளிகை பிறர் கைக்குப் போயிற்று. அந்த வளாகத்திலேயே இருந்த ஒரு சிறு கட்டிடத்தில் பூஜையும் வகுப்புகளும் தொடர்ந்தன. 1907 நவம்பரில் மயிலாப்பூரில் மடத்திற்குச் சொந்த இடம் அமைந்தது. மாளிகையை இழந்தபோது குன்றாத மனம், புதிய இடம் கிடைத்தபோது துள்ளவும் இல்லை.

பெங்களூர் ஆசிரமம் உருவானதும் இவ்வாறே. 1903-இல் அங்குள்ள அன்பர்களின் அழைப்பை ஏற்றுச் சென்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அடுத்த ஆண்டே அங்கு மடத்தின் பணி தொடங்கியது. 1906-இல் சுவாமி அபேதானந்தர் பசவனகுடியில் அடிக்கல் நாட்டினார். 1909 ஜனவரியில் சுவாமி பிரம்மானந்தர் ஆசிரமத்தைத் திறந்துவைத்தார். விதைத்து நீர் வார்த்தவர் சுவாமிகள். ஆயினும் அடிக்கல் நாட்டும் சிறப்பையும் திறந்துவைக்கும் சிறப்பையும் சகோதரத் துறவிகளுக்கே அளித்து மகிழ்ந்தார். பணி இறைவனுடையது எனும்போது பெருமை யாருடையது என்ற கேள்விக்கு இடமேது?

1911-இல் அவரது நெடுநாள் விருப்பம் நிறைவேறியது. அன்னை ஸ்ரீசாரதாதேவியார் தென்னாட்டு யாத்திரை வந்தார். சென்னை, மதுரை, ராமேஸ்வரம் தரிசனங்களுக்குப் பின் பெங்களூர் ஆசிரமத்திலும் தங்கினார். ஆசிரம வளாகத்தில் அன்னை அமர்ந்த பாறை இன்றும் புனிதமாகப் போற்றப்படுகிறது. இந்த யாத்திரைக்கான ஏற்பாடுகள் அனைத்தையும், உடல் நலிந்திருந்த நிலையிலும், சுவாமிகளே முன்நின்று கவனித்தார். அன்னை திரும்பிய சில மாதங்களில், அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று, காசநோயால் கல்கத்தாவில் தமது 48-ஆம் வயதில் உடலை உகுத்தார்.

இறைவன் பார்த்துக்கொள்வான் என்று கூறி நாம் சில சமயம் சோம்புகிறோம். நானே செய்கிறேன் என்று எண்ணிச் சில சமயம் கலங்குகிறோம். முன்னது சரணாகதி அன்று; பின்னது முயற்சியின் நிறைவும் அன்று. சுவாமிகளிடம் சரணாகதி முயற்சியைக் குறைக்கவில்லை, கவலையை மட்டுமே அகற்றியது. கவலை அகன்றதால் முயற்சி மேலும் செம்மையுற்றது. வீட்டிலோ அலுவலகத்திலோ நம் முன் உள்ள இன்றைய கடமையை அவருக்குச் செய்யும் நிவேதனமாகக் குறைவின்றிச் செய்வோம். வகுப்பறை நிறைவதும் வெறிச்சோடுவதும் அவர் திருவுளம்.